ஒப்பிக்கச் சொன்ன பாட்டு

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. தென்காசியில் நான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பில் ஆஜர் எடுத்து முடித்திருந்தேன். மேற்குச் சன்னலுக்குக் கதவு கிடையாது. சாரல் நேரே உள்ளே அடித்ததால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் நடுவில் தள்ளி உட்காரவைத்திருந்தேன். சிலேட்டு நனையக் கூடாதென்று ஆளுக்கு ஆள் சட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முழுக்க ஈரத்துணி வாடை.

"இன்னைக்கு ஆரு பாட்டு?" என்று கேட்டேன்.

இசக்கி எழுந்தாள். ஒன்பது வயது இருக்கும். வயல் நடவுக்குப் போகிற மாடத்தியின் மகள். எழுந்தவள் திரும்பவும் உட்கார்ந்துகொண்டு, "இதை உக்காந்துதான் சொல்லணும் டீச்சர்" என்றாள்.

"சரி, உக்காந்தே சொல்லு."

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் தோள்மேலும் கைகளைப் போட்டுக்கொண்டாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கும்மிப் பாட்டு ஏதோ வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு சன்னல் ஓரத்து ஈரத்தைச் சாக்கால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

தொட்டில் கட்டப் போனேன், எங்கண்ணே
தொங்கவிடக் கயிறில்லே
கயிறு வாங்கி வந்தேன், எங்கண்ணே
கட்டப் போனா நீயில்லே

பாலு கட்டி நோகுதே, எங்கண்ணே
பசிச்சழ நீயில்லே
ஊரு கூடிக் கேக்குதே, எங்கண்ணே
பேரு வைக்க நாளில்லே

ஒப்பாரி! ராகத்தை இழுத்து, மூக்கைச் சிந்த வேண்டிய இடத்தில் சிந்தி, சாவு வீட்டில் பெண்கள் எப்படி அழுவார்களோ அப்படியே பாடினாள்.

முதலில் பையன்கள் சிரித்தார்கள். இரண்டாவது 'எங்கண்ணே'யில் சிரிப்பு நின்றுவிட்டது. தறிவீட்டுப் பாத்திமா தேம்பத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பில் ஓடிக்கொண்டிருந்த வாய்ப்பாடு பாதியில் அறுந்தது. பெரிய வாத்தியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆருக்கு என்ன ஆச்சு? ஆரு போயிட்டா?"

"ஒருத்தரும் போகல சார். பாட்டு" என்றேன்.

அடிக்குப் பயந்த செய்யுள்

போன வாரம் ரயிலடி வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'டீச்சர் டீச்சர் என்று சொல்லிக்கொள்கிறீர்களே, பள்ளிக்கூடத்துக்குள் எப்போதுதான் போவீர்கள்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போய்விட்டேன். ஆனால் அந்த ஒப்பாரியை விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது ஆலங்குளத்தில். எங்களுக்குச் செய்யுள் நடத்தியவர் கையில் எப்போதும் ஒரு ரூல்தடி இருக்கும். செய்யுளில் ஒரு சீர் தவறினால் விரல் கணுவில் ஓர் அடி. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றால் அந்த மாதம் முழுக்கச் செய்யுள்தான். அவர் வந்து போய்விட்டால் அடுத்த வருஷம் வரை செய்யுள் என்ற பேச்சே கிடையாது. நான் நாலாம் வகுப்பு முடித்தபோது நிறையச் செய்யுள்கள் தெரிந்தன. ஒன்றைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் சில வரிகளை நினைத்தால் விரல் தானாக மடங்குகிறது.

பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்துத் தென்காசிக்கு வேலைக்கு வந்தபோதே மனத்துக்குள் ஒன்றை முடிவு செய்திருந்தேன். என் வகுப்பில் பாட்டு தினமும் இருக்கும். ஆஜர் எடுத்து முடித்ததும் ஒரு பாட்டு, அப்புறம்தான் கணக்கு. மழை, வெயில், திருவிழாவுக்கு முந்தின நாள், இன்ஸ்பெக்ஷனுக்கு மறுநாள் என்று எந்த நாளுக்கும் விலக்கு கிடையாது. பாட்டுக்கு அர்த்தம் கேட்க மாட்டேன். அடிக்கவும் மாட்டேன். நான் இரண்டு தடவை சொல்வேன், அவர்கள் கூடச் சேர்ந்து சொல்வார்கள், அவ்வளவுதான்.

பெரிய வாத்தியார் நல்ல மனிதர். பள்ளிக்கூடத்துக்கு வருகிற சர்க்கார் கிராண்ட் நின்றுவிடுமோ என்ற ஒரே கவலையில் தலை நரைத்தவர். டைம் டேபிளை என்னிடம் நீட்டி, "செய்யுளுக்கு வாரத்துல ஒரு பீரியட்தான் இருக்கு. நீங்க தினமும் சொல்லுதிய. பிள்ளைக கணக்குல மட்டம். இதுல பாட்டு வேறயா?" என்றார்.

"கணக்கு நேரத்துல கை வைக்க மாட்டேன் சார். ஆஜரைச் சட்டுனு எடுத்துருதேன்."

"அப்படி என்னதான் இருக்கு அந்தப் பாட்டுல?"

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத கேள்விக்கு நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் இதைப் பிடிவாதம் என்பார். ரயில்வே குட்ஷெட்டில் வேலை பார்த்தவர். அங்கே மூட்டைகூட சொன்ன இடத்தில் இருக்கும், இவள் இருக்க மாட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

ஒரு சங்கதி மட்டும் சொல்ல வேண்டும். சுடலை என்றொரு பையன் தினமும் தாமதமாக வருவான். செங்கோட்டைப் பக்கம் போகிற ரயிலைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம். காலைப் பாட்டு தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் ஆஜருக்கு முன்பே வந்து உட்கார ஆரம்பித்தான். "ஏலே, ரயில் வரலியா?" என்று கேட்டேன். "அது நாளைக்கும் அதே ரயில்தான் டீச்சர். பாட்டு வேறல்லா" என்றான். பெரிய வாத்தியாருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

தீர்ந்துபோன பாட்டுகள்

தினம் ஒன்று என்றால் என்ன ஆகும்? பாடப் புத்தகத்துச் செய்யுள் எல்லாம் ஆனி முடிவதற்குள் தீர்ந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததையும் சொல்லி முடித்துவிட்டேன். ஆடி பிறந்தபோது என் கையில் ஒன்றுமே இல்லை. வருஷம் முழுக்கப் பாட்டு என்று மார்தட்டியவளுக்கு இரண்டு மாதம் தாண்டவில்லை.

யோசித்தேன். என்னிடம் இல்லாவிட்டால் என்ன, இத்தனை வீடுகளில் இல்லாமலா போகும்? மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "இனிமே உங்க வீட்டுல பாடுத பாட்டைக் கேட்டுப் படிச்சுக்கிட்டு, தினம் ஒருத்தரா வந்து ஒப்பிக்கணும்."

வந்தது பாருங்கள் பாட்டு! நடவுப் பாட்டு வந்தது. தாலாட்டு வந்தது. பாத்திமா தன் அத்தை கல்யாணத்தில் பெண்கள் பாடியதைக் கொண்டுவந்தாள். சுடலை ரயிலடியில் வேர்க்கடலை விற்கிறவர் கூவுவதை அப்படியே கூவிக் காட்டினான். அதுவும் பாட்டுதான் என்று சொல்லிவிட்டேன். மற்ற பிள்ளைகள் அதைத்தான் அதிகம் சொன்னார்கள்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பாடத்தைப் பார்க்காமல் சொல்வதை ஒப்பிப்பது என்கிறோம். எங்கள் பக்கத்தில் 'ஒப்பு' என்று வேறொன்றும் உண்டு. சாவு வீட்டில் பாட்டுச் சொல்லி அழுவதற்கு ஒப்புச் சொல்வது என்று பேர். இசக்கி வீட்டில் புத்தகம் கிடையாது. அங்கே ஒப்பு என்றால் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் மாடத்தி வயலிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து நின்றாள். கணுக்கால் வரை சேறு.

"டீச்சர் ஒப்புச் சொல்லச் சொன்னாகன்னு வந்து நின்னா. பள்ளிக்கூடத்துல எதுக்குட்டி ஒப்புன்னு கேட்டேன். டீச்சர் சொன்னா சொல்லணும்மான்னு ஒரே அழுகை. வீட்டுக்குள்ள வச்சுச் சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு வாய்க்கா வரப்புக்குக் கூட்டிட்டுப் போயி சொல்லிக்குடுத்தேன். இப்பம் ஊரே என்னை ஏசுது. ஆடி வெள்ளியுமா மக ஒப்பாரி வச்சாளாமேன்னு."

சாவு விழுந்த வீடுகளில் முன்னால் உட்கார்ந்து ஒப்பு எடுத்துக் கொடுக்க மாடத்தியைத்தான் கூப்பிடுவார்கள். தென்காசியில் பல தெருக்களுக்கு அவள் குரல் தெரியும். எந்த வீடு, யார் செத்தது என்று பார்த்துப் பாடுகிறவள் இல்லை. அந்தப் பாட்டு மட்டும் யாருக்கென்று நான் கேட்டேன்.

"எனக்குத்தான். இசக்கிக்கு அடுத்து ஒண்ணு பிறந்து தங்கல" என்றாள்.

குற்றாலத்திலிருந்து வந்த ஆள்

மறுநாள் சனிக்கிழமை காலையில் பெரிய வாத்தியார் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"மானேஜர் குற்றாலத்துலேருந்து ஆள் அனுப்பியிருக்காரு. திங்கக்கிழமையிலேருந்து காலைப் பாட்டு கிடையாது. அந்தப் பிள்ளை பேரையும் ஆஜர் புஸ்தகத்துல வெட்டிரணுமாம்."

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களுக்கு மானேஜர் என்று ஒருவர் இருப்பார். கட்டடம் அவருடையது. வாத்தியார்களை வைப்பதும் எடுப்பதும் அவர்தான். எங்கள் மானேஜர் அரிசி மண்டிக்காரர். பள்ளிக்கூடத்தைத் தன் கைக்காசில் கட்டியவர். கெட்டவர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

"பிள்ளை என்ன தப்பு செஞ்சா சார்?"

"தப்பா? டீச்சர், உங்களுக்கு ஊர் நிலவரமே தெரியாது." பெரிய வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "போன வருசம் மானேஜர் வீட்டுல பச்சப்புள்ள ஒண்ணு போயிட்டுல்லா? பேர் வைக்கதுக்கு முன்னால. பேர் வைக்காத பிள்ளைக்கு ஒப்புச் சொல்லி அழக்கூடாது, அழுதா அடுத்தது தங்காதுன்னு வீட்டுப் பெரியவுக அவர் சம்சாரம் வாயைப் பொத்திட்டாக. அன்னையிலேருந்து அந்தம்மா பேசுதது இல்ல. அருவித் தண்ணி தலையில விழுந்தா தெளிஞ்சுரும்னு சொல்லித்தான் சாரலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. இந்த நேரத்துல அவர் பள்ளிக்கூடத்துலயே ஒப்பாரின்னா?"

அந்தம்மாவை நினைத்து இரக்கமாக இருந்தது. அதே சமயம் கோபமும் வந்தது. ஒரு வீட்டில் அழவிடாமல் வாயைப் பொத்தினார்கள். அதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பேரை வெட்டுவதா? எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும், கால் நடக்க ஆரம்பித்துவிடும்.

முதலில் மாடத்தி வீட்டுக்கு நடந்தேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "வெட்டட்டும் டீச்சர். நடவுக்கு ஒரு கை கூடும்" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

இசக்கி கதவோரத்தில் நின்றாள். "டீச்சர், நான் தப்பாச் சொல்லிட்டேனா? ஒரு அடி விட்டுட்டேனா?" என்று கேட்டாள்.

இதைக் கேட்டபிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

"நாளைக்கு என்கூட குற்றாலத்துக்கு வா" என்றேன்.

"அருவிக்கா?" என்றாள். இத்தனை பக்கத்தில் இருந்தும் அவள் சாரல் காலத்தில் குற்றாலம் பார்த்ததில்லை. ஆடியில் ஊரெல்லாம் அருவிக்குப் போகும். அவள் வீட்டில் நடவுக்குப் போவார்கள்.

மானேஜரும் நானும்

ஞாயிற்றுக்கிழமை நடந்தே போனோம். மேல்காற்று எதிரே தள்ளியது. குடை பிடித்தால் குடைதான் முன்னால் போகும் என்று மடக்கிவிட்டேன். வழியெல்லாம் எண்ணெய் வழிகிற உடம்போடு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பலாப்பழ வாடையும் சுக்குக்காப்பி வாடையும் மாறி மாறி வந்தன. இசக்கி எல்லாவற்றையும் பார்த்து முடிக்கக் கண்கள் போதாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பித் திரும்பி நடந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் சீசனுக்கு எடுத்த வீடு. மானேஜர் முன்கட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர். நனைஞ்சுட்டு வந்திருக்கியளே."

"நனையத்தானே எல்லாரும் இங்கன வாராக அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. இசக்கியைப் பார்த்தார். யாரென்று சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"எதுக்கு வந்திருக்கியன்னு தெரியுது. அந்தப் பேச்சை எடுக்காதிய."

"அதை எடுக்கத்தான் வந்தேன். பாட்டை நிறுத்த வேண்டாம். பிள்ளை பேரையும் வெட்ட வேண்டாம்."

"பாட்டு வேண்டாம்னு நானா சொன்னேன்? மங்களமாச் சொல்லிக்குடுங்க. சாமி பாட்டு இருக்கு, புத்தி சொல்லுத பாட்டு இருக்கு. ஒப்பாரியெல்லாம் ஒரு பாட்டா?"

"வீட்டுல இருக்கிற பாட்டைக் கொண்டான்னு சொன்னேன். அவ வீட்டுல இருக்கிறதைக் கொண்டுவந்தா. ஆத்தா பெத்துப் பறிகொடுத்த பிள்ளைக்கு அழுத பாட்டு அண்ணாச்சி அது."

அவர் முகம் சட்டென்று மாறியது. உள்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"என் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிப் பேசுதிய? மானேஜர் பள்ளிக்கூடத்துல ஆடி வெள்ளியில ஒப்பாரி விழுந்துட்டு, இனி அந்த வீடு எங்கன வெளங்கன்னு சந்தையில பேசுதாக. அது இவ காதுல விழுந்தா என்ன ஆகும்?" துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ஒரு வருசமா டீச்சர். சோறு வேணுமான்னா தலையாட்டுதா. தண்ணி வேணுமான்னா தலையாட்டுதா. அம்புட்டுதான்."

வரும் வழியெல்லாம் அவரோடு சண்டை போடுவதற்கு வார்த்தைகள் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். எதிரில் இருந்தவரோ பயந்துபோன மனிதர். பயத்தோடு சண்டை போடுவது கஷ்டம்.

"ராகத்தை எடுத்துட்டாச் சாதாரண வார்த்தைதான் அண்ணாச்சி. இனிமே அந்த மாதிரிப் பாட்டு வந்தா ராகம் போடாமச் சொல்லிக்கிடுதோம்" என்று இறங்கிப் பார்த்தேன்.

"முடியாது டீச்சர். ஊர் வாயை மூடணும்னா பேரை வெட்டித்தான் ஆகணும்."

"அப்போ என் பேரையும் சேத்து வெட்டிருங்க."

"மிரட்டுதியளா?"

"இல்ல. பாட்டைக் கேட்டது நான். கேட்டவளை உள்ள வச்சுக்கிட்டுச் சொன்னவளை வெளிய அனுப்பினா, திங்கக்கிழமை நான் எந்த வாயால 'இன்னைக்கு ஆரு பாட்டு'ன்னு கேப்பேன்?"

வேலையை விட்டுவிட்டு என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது உள்ளேயிருந்து வேலைக்காரப் பெண் வந்தாள். "அம்மா குளிக்கப் போறாகளாம். டீச்சரையும் இந்தப் பிள்ளையையும் துணைக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டுதாக."

கதவுக்குப் பின்னால் மானேஜரின் மனைவி கோமதி நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நாங்கள் பேசியதை எல்லாம் அங்கே நின்றுதான் கேட்டிருக்கிறாள்.

அருவிச் சத்தம்

பேரருவியில் அன்று நல்ல தண்ணீர். பெண்கள் குளிக்கிற பக்கத்துப் பாறையெல்லாம் மஞ்சளும் சீயக்காயும் பட்டு வழுக்கியது. பக்கத்தில் நிற்கிறவரோடு பேச வேண்டுமானால் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும்.

கோமதி நேரே தண்ணீருக்குள் போகவில்லை. ஓரத்துப் பாறையில் உட்கார்ந்து இசக்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் காதில் என்னவோ சொன்னாள். இசக்கி கண்ணை அகல விழித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"அந்தப் பாட்டைக் கேக்காக டீச்சர்! சொல்லவா?" என்று என் காதில் கத்தினாள்.

அவ்வளவு நேரம் மானேஜரிடம் வாய் கிழியப் பேசியவள்தான் நான். இப்போது பயந்தேன். கோமதிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நாளைக்கு ஊர் என்ன, நானே என்னை மன்னிப்பேனா?

கோமதி எழுந்து வந்து என் காதோரம் குனிந்தாள். ஒரு வருஷம் புழங்காத குரல், கரகரவென்றிருந்தது.

"இது வீடு கிடையாது டீச்சர். இந்தச் சத்தத்துல ஆருக்கும் கேக்காது. சொல்லச் சொல்லுங்க."

அருவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ராகத்தோட" என்றாள்.

இசக்கியைப் பார்த்துத் தலையாட்டினேன். "சொல்லுட்டி."

இரண்டு பேரும் அருவியின் ஓரத்தில், தண்ணீர் தலையில் சிதறுகிற இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். இசக்கி அவள் தோளில் கையைப் போட்டாள். கோமதியும் அந்தச் சின்னத் தோளில் கையைப் போட்டாள். பாட்டு தொடங்கியது. எனக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. முதலில் ஒரு வாய் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் அசைந்தன.

கோமதி மாரில் அடித்துக்கொண்டாள். தலைமயிர் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. ஆடி ஆடி அழுதாள். இசக்கி பாட்டை நிறுத்தவில்லை. முடிந்ததும் திரும்பத் தொடங்கினாள். சாவு வீட்டில் அப்படித்தான், எடுத்துக் கொடுக்கிறவள் நிறுத்தக் கூடாது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என் கையைத் தொட்டு, "அந்தப் பொண்ணுக்குக் குளிர் தாங்கலையா?" என்று கத்தினாள்.

"ஆமா, தாங்கல!" என்று நானும் கத்தினேன்.

கடைசியில் கோமதி முகத்தை அருவிப் பக்கம் தூக்கி, ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி நடக்கும்போது இசக்கி என் முந்தானையை இழுத்தாள். "அவுக பாப்பாவுக்குப் பேரு வச்சிருந்தாக டீச்சர். மனசுக்குள்ளயே வச்சிருந்தாகளாம்."

"என்ன பேரு?"

"உங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னுட்டாக" என்றாள். இன்றுவரை எனக்குத் தெரியாது.

மானேஜர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கோமதியின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அருவித் தண்ணீர் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"திங்கக்கிழமை இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகணும். காலையில பாட்டும் சொல்லணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னே?"

அவள் மறுபடியும் சொன்னாள்.

"கோமதி, இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அவள் மூன்றாவது தடவையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஒப்பாரி விழுந்த வகுப்பென்று வீடுகளில் தடுத்ததால் திங்கட்கிழமை பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். இசக்கியின் பேரைக் கூப்பிட்டேன், "உள்ளேன் டீச்சர்" என்றாள். ஆஜர் புத்தகத்தை மூடிவிட்டு, இன்றைக்கு யார் பாட்டு என்று கேட்டேன். வராத பிள்ளைகள் ஆவணி பிறப்பதற்குள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஐப்பசி மழையில் கூரைச் சத்தத்தை மிஞ்சிக் கத்திச் சொன்னோம். பங்குனி வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு சொன்னோம். பாட்டு தீரவில்லை.